ஆப்பிரிக்கன் வயலட் இலையில் சுணை எதற்கு?

6 ஜூலை 2024, இரவு

தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பனுக்கு வடக்கே இருக்கிற டோங்காட்டிலிருந்து ஒரு தங்கை கேட்கிறார்: "அக்கா, மாமியார் கொடுத்த ஆப்பிரிக்கன் வயலட் செடியில் இலையெல்லாம் பூனைக்குட்டி முதுகு மாதிரி முடி. தூசி படிந்து மங்கிக் கிடக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா? இந்த முடி எதற்குத்தான் இருக்கிறது?"

துடைக்காதீர்கள். ஈரத்துணி பட்டால் தூசி குழம்பாகி முடிகளுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளும். அழுத்தினால் முடி ஒடியும். முற்றிய இலையில் ஒடிந்த முடி திரும்ப முளைக்காது. புதிய பெயின்ட் பிரஷ் ஒன்று, சின்னதாக, மிருதுவானதாக வாங்குங்கள். இலையை அடியில் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, காம்பிலிருந்து நுனிப் பக்கமாகத் தட்டிவிடுங்கள். போதும்.

முடி என்கிறோம், ஆனால் நம் வீட்டில் இதற்குப் பழைய பேர் உண்டு. வெண்டைக்காய் பறித்தால் விரல் அரிக்கும், வைக்கோல் தூக்கினால் கழுத்து அரிக்கும். அதைச் சுணை என்போம். வயலட்டில் இருப்பதும் சுணைதான், அரிப்பு மட்டும் கிடையாது. எல்லாமே இலையின் மேல்தோல் செல்லிலிருந்து எழும்புகிறவை.

எதற்கு என்றால், தண்ணீரைக் காப்பாற்ற. வறண்ட இடத்துச் செடிகள் போர்வை போர்த்திக்கொள்கின்றன. காற்று இலையைத் தொட்டு ஈரத்தை உறிஞ்சாமல் சுணை தடுக்கிறது. என் அலமாரியில் இருக்கும் பாண்டா செடி (கலாஞ்சோ வகை, மடகாஸ்கரிலிருந்து வந்தது) அப்படித்தான், கம்பளி நெய்த மாதிரி இலை.

இன்னொன்று, சுணை இலைமேல் தண்ணீர்ச் சொட்டு நின்றால் அது பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும். என் வயலட்டில் இந்த மாதம் நான்கு இலைகளில் வெள்ளை வெள்ளையாக வளையம் விழுந்திருக்கிறது. அதனால் இலையில் தண்ணீர் படாமல் ஊற்றுங்கள்.

7 ஜூலை, காலை

நேற்று எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. படுத்த பிறகுதான் உறைத்தது.

வயலட் வறண்ட இடத்துச் செடியே இல்லை. தான்சானியாவின் வடகிழக்கில் உசாம்பரா மலை. மூடுபனி இறங்கும் காடு, நிழல், பாசி பிடித்த பாறை இடுக்கு. அங்கேதான் அது பிறந்தது. 1892-இல், ஜெர்மனி அந்தப் பகுதியை ஆண்டபோது, மாவட்ட அதிகாரியாக இருந்த வால்டர் வான் செயின்ட் பால் இலேர் என்பவர் அதைத் தன் தகப்பனாருக்கு அனுப்பினார். அது ஜெர்மனியில் ஹெர்ரன்ஹவுசன் தோட்டத்துக்குப் போய், மறுவருடம் அங்கிருந்த தாவரவியலாளர் ஹெர்மன் வெண்ட்லாண்ட் அதற்கு செயின்ட்பாலியா என்று அந்தக் குடும்பத்தின் பேரையே வைத்தார்.

அப்படி நனைந்த காட்டில் வளர்கிற செடி தண்ணீரைக் காப்பாற்றவா போர்வை போர்த்திக்கொள்ளும்? பாண்டா செடிக்குச் சரியாக இருக்கிற பதிலை நான் எல்லாச் செடிக்கும் ஒட்டிவிட்டேன். தங்கை, மன்னியுங்கள். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

7 ஜூலை, மதியம்

வளையத்தைப் பற்றியும் தவறு. இதை நானே நின்று பார்த்துக் கண்டுபிடித்தேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் வயலட் இருப்பது தெற்குப் பார்த்த ஜன்னல். டர்பனில் தெற்கு ஜன்னலில் குளிர்காலத்தில் ஒரு துளி நேர்வெயில் விழாது. நமக்கு வெயில் வடக்குப் பக்கம். (சென்னையில் இருந்து படிக்கிறவர்கள் இதை நேர் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும்.) வெயிலே விழாத இடத்தில் சொட்டு எதைக் குவிக்கும்?

இந்தச் சொட்டுக் கதையை ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் சோதித்து எழுதியிருக்கிறார்கள். வழுவழுப்பான இலைமேல் படுத்துக் கிடக்கும் சொட்டு வெயிலைக் குவித்து இலையைச் சுட முடியாது. குவியும் இடம் இலைக்கு ரொம்பக் கீழே போய்விடும், தண்ணீரும் இலையைக் குளிர்த்திக்கொண்டே இருக்கும். ஆனால் முடிகள் சொட்டை உருண்டையாகத் தூக்கிப் பிடித்தால், இலைக்கும் சொட்டுக்கும் இடைவெளி விழுந்தால், சுட முடியும். சால்வினியா என்ற மிதக்கும் செடியில் அதைக் காட்டினார்கள். ஆக, சுணை இலைக்கு அந்தப் பயம் முழுப் பொய்யில்லை, நல்ல வெயில் வேண்டும், அவ்வளவுதான். என் ஜன்னலில் அது இல்லை.

அப்படியானால் என் வளையம்? பச்சைத்தண்ணீர்தான். ஜூலைக் காலையில் குழாயைத் திறந்ததும் வருகிற தண்ணீரை விரல் விறைக்க அப்படியே ஊற்றியிருக்கிறேன். வயலட் இலை திடீர்க் குளிரைத் தாங்காது. சொட்டு நின்ற இடத்தில் மேல்தோலுக்குக் கீழே இருக்கிற பச்சைய செல்கள் செத்துப்போகும், சொட்டின் வடிவத்திலேயே வளையம் விழும். இப்போது முதல் நாள் இரவே ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துச் சமையலறையில் வைத்துவிடுகிறேன். அந்த நான்கு இலையும் தேறாது, பழைய வளையம் ஆறாது. புதிய இலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

9 ஜூலை

டோங்காட் தங்கை மறுபடி: "அப்போ வயலட்டுக்கு எதற்கு அக்கா?"

வயலட்டுக்கு முன்னால் கற்பூரவல்லியைப் பார்த்தேன். கொல்லையில் இருக்கிறது, ஆயா வைத்த செடியின் வாரிசு. பையன் பள்ளிக்கு வாங்கிய பத்து மடங்கு லென்ஸ் ஒன்று இருந்தது. ஒரு இலையைக் கிள்ளி மேசை விளக்கடியில் பிடித்தேன்.

முதலில் தெரிவது கூர்முடி. கண்ணாடி ஊசி நட்ட மாதிரி, எல்லாம் ஒரே நீளமில்லை, நரம்பின்மேல் நெருக்கம், நடுவில் கொஞ்சம் இடைவெளி. அப்புறம் கண் பழகியதும் அந்த ஊசிகளின் காலடியில் இன்னொரு கூட்டம் தெரிந்தது. குட்டை குட்டையாக, தலையில் உருண்டையாக, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி மினுக்கியது. தையல் ஊசியின் முனையால் இரண்டு மூன்றைத் தொட்டு முகர்ந்தேன். வாசனை குபுக்கென்று வந்தது. அதே இலையில் உருண்டை இல்லாத இடமாகப் பார்த்துக் கூர்முடியைத் தொட்டு முகர்ந்தால் வாசனையே இல்லை.

இத்தனை வருடமாக இருமலுக்குக் கிள்ளிப் பிழிந்த செடி. வாசனை இலைக்குள் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். இலைமேல், முடியின் தலையில், பையில் கட்டிய எண்ணெயாக இருக்கிறது. கார்வக்ரால், தைமால் என்பவை அந்த எண்ணெயின் முக்கியச் சரக்கு. ஓமத்தில் இருப்பதும் தைமால்தான், அதனால்தான் ஊரில் இதை ஓமவல்லி என்றும் சொல்கிறார்கள். துளசி, புதினா எல்லாம் இதே குடும்பம், இதே ஏற்பாடு.

புழு ஏறினால் முதலில் ஊசி, ஊசியைத் தாண்டினால் எண்ணெய்ப் பை உடையும். இரண்டு வேலி. இங்கே சுணைக்கும் தண்ணீருக்கும் ரொம்பச் சம்பந்தமில்லை.

13 ஜூலை

சுருக்கமாக. வளையம் விழாத ஒரு நல்ல வயலட் இலையைக் காம்போடு கிள்ளி, ஈரமான மண்ணில் சாய்த்து நட்டிருக்கிறேன். தயிர் டப்பா, மேலே பிளாஸ்டிக் பை. குளிர்காலம், மெதுவாகத்தான் வரும்.

தக்காளிச் செடி பற்றி ஒருவர் கேட்டார். ஆமாம், கிளை கிள்ளினால் விரல் மஞ்சள் பச்சையாகிப் பிறகு கறுக்கிறதே, அதுவும் சுரப்பி முடி (கற்பூரவல்லியில் பார்த்த உருண்டைத் தலை முடி மாதிரி) உடைந்த சாறுதான். சோப்பை விட எலுமிச்சம்பழத்தில் நன்றாகப் போகிறது.

21 ஜூலை

கூழ் ஊற்ற அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன், ஆடி அல்லவா. இந்தச் சுணைப் பேச்சை எடுத்ததும் பெரியம்மா சட்டையைத் தோள்வரை தூக்கிக் காட்டினார். எண்பது தாண்டியவர். "கரும்புச் சுணை தெரியுமா உனக்கு? ராத்திரி முழுக்கத் தூங்க விடாது."

அவர் சின்ன வயதில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். அவருடைய அம்மாவும், அந்த அம்மாவின் அம்மாவும் அப்படியே. 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நடாலுக்கு (டர்பன் இருக்கிற இந்தப் பகுதிக்கு) வந்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல். அதில் பெரும் பங்கு கரும்புக்குத்தான் போயிற்று. கரும்பில் தோகை தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் இடத்தில் சுணை இருக்கும். புல் இனத்துச் சுணையில் மணல்சத்து ஏறியிருக்கும், சிலிக்கா என்கிறார்களே, அது. அதனால் வளையாது, தோலில் குத்தி முறிந்து உள்ளேயே நிற்கும். தோகையை எரித்துவிட்டு வெட்டினால் சுணையும் போய்விடும். எரிக்காமல் வெட்டிய நாட்களில் கழுத்து, முழங்கையின் உள்பக்கம், இடுப்பில் சேலை இறுக்கும் இடம், இவை மூன்றும் சிவந்து தடித்துவிடும் என்றார். தேங்காய் எண்ணெய் தடவிச் சாக்குத்துணியால் வழித்து எடுப்பார்களாம்.

நான் லென்ஸில் பார்த்து ரசித்த அதே சாமானைப் பெரியம்மா உடம்பில் சுமந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அதுவே மனதில் ஓடுகிறது. ஜன்னல் செடியைப் பற்றித் தொடங்கிய பேச்சு இது, இருந்தாலும் இதை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

4 ஆகஸ்ட்

ஒரு எச்சரிக்கை. பாண்டா செடியில் சுணை கூடிவிட்டது என்று இரண்டு வாரமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு. இன்று லென்ஸை வைத்தேன். பஞ்சு நகர்ந்தது.

மாவுப்பூச்சி. சுணை உள்ள செடியில் அது ஒளிந்துகொள்ள வசதி, நம் கண்ணும் ஏமாறும். வித்தியாசம் இதுதான்: சுணை இலை முழுக்க ஒரே சீராக, ஒரே பக்கம் சாய்ந்து இருக்கும், தடவினால் கையோடு வராது. மாவுப்பூச்சியின் பஞ்சு இடுக்கில் மட்டும், கட்டி கட்டியாக, தொட்டால் மெழுகு மாதிரி ஒட்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் (கடையில் ஊதா நிறத்தில் விற்கிறதே, அது) தோய்த்து ஒவ்வொன்றையும் தொட்டு எடுத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஸ்பிரிட்டை இலைமேல் தெளிக்க வேண்டாம், பூச்சியை மட்டும் தொடுங்கள். வாரம் ஒரு முறை, நான்கு வாரம் செய்யப்போகிறேன்.

ஆக, சுணை பூச்சியைத் தடுக்கும் என்று 9-ஆம் தேதி எழுதியதற்கும் ஒரு எல்லை உண்டு. மெல்லுகிற புழுவுக்கு அது வேலி. நீளமான ஊசிவாயை இறக்கி உறிஞ்சுகிற பூச்சிக்குச் சில நேரம் அதுவே குடிசை.

9 ஆகஸ்ட்

விடுமுறை. எல்லோரும் ப்ளூ லகூன் போனோம். பிரியாணிச் சட்டியும் பாயும் இறக்கிய பிறகு நான் மணல்மேட்டுப் பக்கம் நடந்தேன். காற்று பலமாக இருந்தது. அங்கே ஒரு மரம், காற்று அடிக்கும்போதெல்லாம் மொத்தமாக வெள்ளி நிறமாகிறது, நின்றதும் பச்சையாகிறது. பிராக்கிலீனா. கடற்கரை வெள்ளி ஓக் என்று இங்கே சொல்கிற மரம். சின்ன வயதிலிருந்து அதன் நிழலில்தான் சாப்பிட்டிருக்கிறேன், இலையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

மேல்பக்கம் கரும்பச்சை, பளபளப்பு, ஒரு முடி கிடையாது. அடிப்பக்கம் வெள்ளைக் கம்பளம். நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வருகிறது, தலையணைப் பஞ்சு மாதிரி. கம்பளத்துக்கு அடியில் பார்த்தால் சாதாரணப் பச்சை.

இலை மூச்சுவிடும் துளைகள் அடிப்பக்கம் இருக்கின்றன. அந்தத் துளைக்கு மேலேதான் கம்பளம். உப்புக்காற்று, மணல், வெயில் மூன்றும் அடிக்கிற இடத்தில் துளையின் வாசலில் திரை போட்டிருக்கிறது. மேல்பக்கத்துக்குத் திரை வேண்டாம், மெழுகுப் பூச்சு போதும்.

இரண்டு இலை கொண்டுவந்தேன். ஒன்றில் கம்பளத்தை முழுக்கச் சுரண்டினேன். மற்றதை அப்படியே விட்டேன். இரண்டையும் மேசைமேல் வைத்தாயிற்று. இரவு ஒன்பது மணிக்குச் சுரண்டிய இலை ஓரம் சுருண்டுவிட்டது. மற்றது அப்படியே இருக்கிறது. என் 6 ஜூலைப் பதில் இந்த மரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

10 ஆகஸ்ட்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன் ஒருவர் நேற்றைய சோதனையைப் படித்துவிட்டு நியாயமான கேள்வி கேட்டார்: "நகத்தால் சுரண்டினால் முடி மட்டுமா போகும்?"

போகாது. தோலும் கீறியிருக்கும். கீறின தோல் வழியே தண்ணீர் போயிருந்தால் அது கம்பளத்தின் கணக்கில் சேராது. அண்ணன் சொன்னது சரி, அந்தச் சோதனையைச் சாட்சியாக வைக்க முடியாது.

இன்னும் ஒன்று படித்தேன். சுணை காற்றைத் தேக்கி ஈரத்தைக் காப்பது உண்மை, ஆனால் பல செடிகளில் அதன் பங்கு சின்னது. துளையைத் திறப்பதும் மூடுவதுமே பெரிய மடை. வறண்ட நாட்டுச் சுணையின் பெரிய வேலை வெயிலைத் திருப்பி அனுப்புவது. கலிபோர்னியா, அரிசோனாப் பாலைநிலத்தில் என்செலியா என்று ஒரு புதர் இருக்கிறது. மழை பெய்த பருவத்தில் வருகிற இலை பச்சை, சுணை குறைவு. வறட்சியில் வருகிற இலை வெள்ளை, சுணை அடர்த்தி. ஒரே செடி, இரண்டு விதமான இலை. வெள்ளை இலை வெயிலைத் திருப்பிவிடுவதால் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் குளிர்த்திக்கொள்ளத் தண்ணீர் செலவழிக்க வேண்டாம். தண்ணீர் மிச்சமாவது கடைசியில் நடக்கிற காரியம்.

கேப் டவுன் போனபோது டேபிள் மவுண்டன் அடிவாரத்தில் வெள்ளி மரத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். உலகத்தில் பெரும்பாலும் கேப் தீபகற்பத்தில்தான் அது இயல்பாக வளர்கிறது. அங்கே சுணை நிமிர்ந்து நிற்காது, பட்டுச்சேலையின் இழை மாதிரி ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். வறண்ட காற்றில் படுத்துக்கொள்ளும், ஈரம் வந்தால் எழும்பும். படுத்திருக்கும்போதுதான் மரம் நன்றாக மின்னும்.

17 ஆகஸ்ட்

கற்பூரவல்லிக்குத் திரும்புகிறேன், இந்தச் சேதி எனக்குப் பெரியது.

எங்கள் ஆயா சொல்வார்: அவருடைய பாட்டி வேலூர்ப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறும்போது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கிளைதான் எங்கள் கொல்லைச் செடி. அறுபதுகளில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கச் சட்டம் போட்டு, குடியிருந்த இடத்திலிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு (இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய டர்பன் புறநகர்) அனுப்பியபோதும், லாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு தகர டின்னில் அந்தச் செடி வந்தது. அதை என் அம்மாவே பார்த்திருக்கிறார்.

இப்போது தாவரப் பட்டியலில் பார்க்கிறேன். கற்பூரவல்லி தானாக வளரும் நாடுகளில் தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்கா இருக்கிறது. நம் குவாசுலு-நடாலின் வடக்கிலும் இருக்கிறது. அதன் லத்தீன் பேர் அம்போய்னிக்கஸ், இந்தோனேசியாவின் அம்போன் தீவை வைத்து 1790-இல் வைத்த பேர். பேர் ஒரு தீவுக்கு, செடி இந்த மண்ணில்.

ஆயா பொய் சொல்லவில்லை. அந்தக் கிளை வேலூரிலிருந்துதான் வந்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் பாட்டி கரையிறங்கி, தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், எதைப் பார்த்தாலும் புதிதாக இருந்த அந்த முதல் வருடத்தில், வடக்கே சில நாள் நடை தூரத்துப் புதரில் இதே இலை, இதே சுணை, இதே வாசனை இருந்திருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

25 ஆகஸ்ட்

நேற்று முழுக்கப் பெர்க் காற்று. மலையிலிருந்து இறங்குகிற அந்தச் சூட்டுக்காற்றில் தாழ்வாரத்துச் செடிகளின் கதை: புதினா தலை தொங்கிவிட்டது, கற்பூரவல்லி அசையவில்லை, பாண்டா அசையவில்லை. ஆனால் அந்த இரண்டுக்கும் இலையே தடிமன், உள்ளே தண்ணீர்த் தேக்கம். சுணைக்கு மட்டும் பேர் கொடுக்கக் கூடாது. அண்ணன் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

மாவுப்பூச்சி இந்த வாரம் ஒன்றே ஒன்று இருந்தது.

8 செப்டம்பர்

சேர்ந்துபோன சில கேள்விகள்.

வெல்வெட் இலை பிலோடெண்ட்ரான் வைத்திருக்கும் தம்பிக்கு: லென்ஸில் பாருங்கள், முடி இருக்காது. மேல்தோலின் ஒவ்வொரு செல்லும் கூம்பு மாதிரி மேடாக எழும்பியிருக்கும், அதுதான் மெத்தென்று தெரிகிறது. அடர்காட்டின் தரையில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க அது உதவும். ஆகவே கையால் தொட்டு மட்டும் சுணை என்று முடிவு கட்டக் கூடாது. முதல் நாள் நான் கேட்டிருந்தால் இதையும் சுணை என்றுதான் சொல்லியிருப்பேன்.

தளிர் இலையில் சுணை அதிகமாக இருப்பது ஏன் என்று கேட்டவருக்கு: இலை மொட்டாக இருக்கும்போதே சுணை முளைத்துவிடுகிறது. பிறகு இலை விரிய விரிய முடிகளுக்கு நடுவே தூரம் கூடும். கொய்யாத் தளிரையும் முற்றிய கொய்யா இலையையும் திருப்பி அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

பூச்சி கடித்தால் செடி சுணையைக் கூட்டுமா? பல செடிகளில் கூட்டும். கடிபட்ட இலையில் இல்லை, அடுத்து வரும் இலையில். செடிக்குள் அந்தச் சேதியைக் கொண்டுபோவது ஜாஸ்மோனிக் அமிலம் என்ற பொருள். பேரைப் பாருங்கள், அந்த இனத்துப் பொருளை முதலில் 1962-இல் பிரித்தெடுத்தது பிச்சிப்பூ எண்ணெயிலிருந்து. தலையில் வைக்கிற பூவின் வாசனையும் இலைக்குள் அடிக்கிற அபாய மணியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மூட்டைப்பூச்சி: பல்கேரியா, செர்பியாப் பக்கம் பழைய காலத்தில் பீன்ஸ் இலையை இரவில் கட்டிலைச் சுற்றிப் பரப்புவார்கள். இலையின் சுணை கொக்கி மாதிரி வளைந்திருக்கும். நடந்துபோகிற மூட்டைப்பூச்சியின் காலில் குத்தி அங்கேயே நிறுத்திவிடும். காலையில் இலையோடு அள்ளி எரிப்பார்கள். 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கொக்கியைப் படம் பிடித்து, கால் எப்படிக் குத்துப்படுகிறது என்று காட்டினார்கள்.

பருத்தியும் சுணைதான். இலையில் இல்லை, விதையின் தோலில். பஞ்சின் ஒவ்வொரு இழையும் ஒரே செல், சில மூன்று சென்டிமீட்டர் நீளம் வரை. நான் இதை எழுதும்போது உடுத்தியிருப்பதும் அதைத்தான்.

24 செப்டம்பர்

வயலட்டுக்கு இன்னும் நான் நேராகப் பதில் சொல்லவில்லை என்று டோங்காட் தங்கை நினைவூட்டினார். சொல்கிறேன்.

2015-இல் செயின்ட்பாலியா என்ற தனிப் பேரை எடுத்துவிட்டு, வயலட்டை ஸ்ட்ரெப்டோகார்பஸ் இனத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த இனம் நம் ஊர்ச் சொத்து. நடால் காடுகளின் ஈரப்பாறைகளில் வளர்கிற ஊதாப்பூ, இங்கே கேப் பிரிம்ரோஸ் என்று தொட்டியில் விற்பது. ஆகவே வயலட்டைப் புரிந்துகொள்ள உசாம்பராவுக்குப் போக வேண்டாம், அதன் சொந்தக்காரர்கள் வடக்கே ஓன்கோயே காட்டில் இருக்கிறார்கள். அங்கே வளர்கிற ஸ்ட்ரெப்டோகார்பஸ் வெண்ட்லாண்டியைத் தோட்டக்கார நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு இலை. முறம் அகலம். மேலே பச்சை, அடியில் கருஊதா, இரண்டு பக்கமும் சுணை. பூத்துக் காய்த்ததும் அந்தச் செடி முடிந்துவிடும்.

ஒரே இலை இருக்கிற செடிக்கு அந்த இலை போனால் எல்லாம் போயிற்று. ஈரக்காட்டில் எதிரி வெயில் இல்லை. சின்ன நத்தையும் புழுவும்தான். புழு இலையைத் தின்ன வேண்டுமானால் முதலில் முடியை மேய்ந்து தள்ள வேண்டும். பால்செடி தின்னும் மோனார்க் பட்டாம்பூச்சியின் குட்டிப்புழு அப்படித்தான் முதலில் முடியைச் சிரைத்துவிட்டு அப்புறம் இலையைத் தொடும். அதற்குள் அதன் நேரமும் தெம்பும் போகும், பறவை கண்ணில் படும். வயலட்டின் சுணைக்கு இந்தக் காவல் வேலையையே நான் முதலில் வைக்கிறேன். தண்ணீர்ச் சேமிப்பு அங்கே கடைசி வரிசை.

இனி யாராவது சுணை எதற்கு என்று கேட்டால், எந்தச் செடி, எந்த ஊர்ச் செடி, இலையின் எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

13 அக்டோபர்

தயிர் டப்பாவில் குட்டிகள் வந்துவிட்டன. சரியாக மூன்று மாதம்.

நட்ட இலையின் காம்படியில் மண்ணைப் பிளந்துகொண்டு ஐந்து, எலிக்காது அளவுகூட இல்லை. பெரியது ஒரு அரிசி நீளம். லென்ஸை வைத்தால், இலை இன்னும் சரியாக விரியவில்லை, நடுநரம்பே தெரியவில்லை, ஆனால் சுணை நெருக்கமாக, வெள்ளையாக, முழுசாக நிற்கிறது. ஒவ்வொரு முடியின் நுனியிலும் மேலே மூடிய பிளாஸ்டிக் பையின் ஈரம் ஒரு பொட்டுத் தண்ணீராக ஒட்டியிருந்தது. இலைத்தோலை அது தொடவில்லை.

தாய்ச்செடியில் ஜூலைக்குப் பிறகு வந்த ஆறு இலைகளிலும் வளையம் இல்லை.

குட்டிகள் இரண்டு விரல் அகலம் ஆனதும் பிரிப்பேன். டோங்காட் தங்கைக்கு இரண்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணனுக்கு ஒன்று. பெரியம்மாவுக்கு ஒன்று கேட்டேன். "அரிக்காதே?" என்றார். அரிக்காது பெரியம்மா என்று கையைப் பிடித்து இலைமேல் வைத்தேன். விரலை எடுக்காமல் ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார்.